கடல் கடந்து ஒரு கல்விப் பருவம்

பேராக் மாநிலத்தின் தென்மேற்கில், பெர்னாம் ஆற்றங்கரையில் அமைந்திருக்கும் சிற்றூர் ஹுத்தான் மெலிந்தாங். ‘குறுக்கே கிடக்கும் காடு’ என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். அன்று காடாக இருந்த நிலத்தில் இன்று செம்பனையும் தென்னையும் வளர்கின்றன. ஆற்றில் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. பாலத்தைக் கடந்தால் சிலாங்கூர் மாநிலம். இவ்வூரிலும் இதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன.

அத்தகைய குடும்பம் ஒன்றின் மகள் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயில்வதாக எண்ணிப் பார்க்கலாம். ஒருநாள் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. ஐரோப்பாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் தங்கிப் படிக்க விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்பது செய்தி. விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் அவள் அதை வீட்டில் சொல்கிறாள். “செலவுக்கு எங்கே போவது, அம்மா?” என்று கேட்கிறார் அப்பா. “அங்கே நமக்கு யாரைத் தெரியும்?” என்கிறார் அம்மா. “இங்கே இல்லாத படிப்பா அங்கே இருக்கிறது?” என்று வியக்கிறார் பாட்டி. மூவரும் அவள்மீது அன்பு கொண்டவர்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால், பதில் தேடுவதற்குள் விண்ணப்பத்திற்கான இறுதி நாள் கடந்துவிடுகிறது.

தோட்டப்புற மாணவர் பலர் வெளிநாட்டுக் கல்விப் பருவத்தை இழப்பது தகுதிக் குறைவால் அன்று. இக்கேள்விகளுக்கு உரிய காலத்தில் விடை கிடைக்காததால்தான். வெளிநாட்டில் ஒரு பருவம் என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் மாற வேண்டும். அதே வேளையில், போய் வந்தாலே போதும் என்ற எண்ணமும் தவறானதே. எத்தனை நாடுகளைப் பார்த்தோம் என்பதைக் கொண்டு அப்பருவத்தின் பயனை அளக்க முடியாது. எந்தக் கேள்வியோடு போனோம், என்ன விடையோடு திரும்பினோம் என்பதே அதன் அளவுகோல்.

முதலில் அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். முழுப் பட்டப்படிப்பையும் வெளிநாட்டில் பயில்வது வேறு. பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் பயில்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் பெற்றோர் பலர் தொடக்கத்திலேயே அஞ்சி விடுகின்றனர். இரு பல்கலைக்கழகங்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி செல்லும் மாணவர், பொதுவாகத் தம் சொந்தப் பல்கலைக்கழகத்திற்குச் செலுத்தும் கட்டணத்தையே தொடர்ந்து செலுத்துவார். அவரை ஏற்கும் பல்கலைக்கழகம் தனியாகக் கற்பித்தல் கட்டணம் வாங்குவதில்லை. பயணம், தங்குமிடம், உணவு, காப்புறுதி ஆகியவையே பெருஞ்செலவுகள்.

இத்தகைய திட்டங்களுள் புகழ்பெற்றது ‘எராஸ்மஸ்’. 1987-ஆம் ஆண்டில் 11 ஐரோப்பிய நாடுகள் இதைத் தொடங்கின. முதலாண்டில் 3,244 மாணவர்கள் இதன்வழி வேறு நாட்டிற்குச் சென்று பயின்றனர். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் பிறந்து, பல நாடுகளில் கற்றும் கற்பித்தும் வாழ்ந்த அறிஞர் எராஸ்மஸின் பெயரை இத்திட்டம் நினைவூட்டுகிறது. 2014-ஆம் ஆண்டு முதல் ‘எராஸ்மஸ் பிளஸ்’ என்ற பெயரில் அது விரிவடைந்தது. ஐரோப்பாவிற்கு வெளியே உள்ள நாடுகளின் பல்கலைக்கழகங்களும் அதில் பங்கேற்கின்றன. மலேசியப் பல்கலைக்கழகங்களும் அவற்றுள் அடங்கும். இதில் தேர்வு பெறும் மாணவருக்குப் பயணச் செலவுக்கான உதவியும் மாதந்தோறும் உதவித்தொகையும் கிடைக்கின்றன.

ஆகவே, அப்பாவின் கேள்விக்கு விடை இருக்கிறது. ஆனால், அது தானாக வீட்டு வாசலுக்கு வராது. எந்த உடன்பாட்டில் உதவித்தொகை உண்டு, எதில் இல்லை என்பதைப் பல்கலைக்கழகத்தின் அனைத்துலகப் பிரிவில் கேட்டறிய வேண்டும். உதவித்தொகை இல்லாத வாய்ப்பிற்காக வீட்டை அடகு வைப்பதோ வட்டிக்குக் கடன் வாங்குவதோ அறிவுடைமை ஆகாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று பெரியோர் சொல்வது இங்கும் பொருந்தும். ஒரு பருவம் காத்திருந்து, உதவித்தொகைக்கு மீண்டும் விண்ணப்பிப்பதே நன்று.

அடுத்து, “இங்கே இல்லாத படிப்பா?” என்ற பாட்டியின் கேள்வி. இங்குள்ள பாடங்களே அங்கும் இருக்கலாம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட்டும் ஒரு பருவத்திற்கு 30 கிரெடிட்டும் எனப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. புறப்படுவதற்கு முன்பே, எந்தப் பாடத்திற்கு ஈடாக எந்தப் பாடத்தைப் பயில்வது என்று இரு பல்கலைக்கழகங்களும் மாணவரும் எழுத்து வடிவில் ஒப்புக்கொள்கின்றனர். அந்த உடன்பாடு இல்லாமல் செல்பவர், திரும்பி வந்தபின் அதே பாடங்களை மறுபடியும் படிக்க நேரிடும். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதையாக அது முடியும்.

ஆனால், பாடங்கள் ஒன்றாக இருப்பினும் பயிலும் சூழல் ஒன்றாக இருப்பதில்லை. அறிமுகம் இல்லாத ஊரில் தானே சமைத்து, தானே கணக்குப் பார்த்து, தன் கருத்தைப் பிறமொழியில் எடுத்துரைத்து வாழ்வதும் ஒரு படிப்பே. டென்மார்க் போன்ற வடநாடுகளில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெயிலிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அந்த இருள் மனச்சோர்வைத் தரக்கூடும். குளிர்காலத்தில் அங்குள்ள நேரம் மலேசிய நேரத்தைவிட ஏழு மணி நேரம் பின்தங்கியது. காலை ஆறு மணிக்குத் தோட்ட வேலைக்குப் புறப்படும் அப்பாவோடு பேச வேண்டுமாயின், மகள் முந்தைய இரவு பதினொரு மணிவரை விழித்திருக்க வேண்டும். இத்தகைய சிறு சிறு இடர்களைத் தாங்கிப் பழகுவதில்தான் தன்னம்பிக்கை வளர்கிறது. இப்படிப்பைப் பாடநூல் தர இயலாது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பும் எழுகிறது. வெளிநாட்டிற்குச் செல்லும் மாணவர்கள் படிப்பதைவிட ஊர் சுற்றுவதே அதிகம் என்பர் சிலர். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தான உடன்பாட்டின் விளைவாக, இன்று ஐரோப்பாவின் 29 நாடுகளுக்கிடையே வழக்கமான எல்லைச் சோதனை இல்லாமல் பயணம் செய்ய முடிகிறது. பாலத்தைக் கடந்து சபாக் பெர்னாமுக்குப் போவதைப் போல, தொடர்வண்டியில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டிற்குப் போய்விடலாம். வாரந்தோறும் ஒரு நகரம், நகரத்திற்கு நூறு படங்கள் என்று பருவம் முழுவதும் கழிந்துவிடும் ஆபத்து உண்டு. ஒரு யூரோ ஏறத்தாழ ஐந்து ரிங்கிட். 200 யூரோவில் மலிவாக முடித்த வார இறுதிச் சுற்றுலாவும் ஆயிரம் ரிங்கிட் என்பதை மறந்துவிடக் கூடாது.

பயணமே வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. பார்க்கும் பார்வை வேண்டும் என்பதே கருத்து. இத்தாலியின் பைசா நகரக் கோபுரத்தைச் சான்றாகக் காட்டலாம். 1173-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய அக்கோபுரம், அடியிலுள்ள மண் மென்மையாக இருந்ததால் ஒருபுறம் சாய்ந்தது. விழுந்துவிடுமோ என்ற அச்சத்தால் 1990-ஆம் ஆண்டு மூடப்பட்டு, பொறியியலாளர்களின் நீண்ட முயற்சிக்குப் பின்னர் 2001-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. அதைக் கையால் தாங்குவதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்வோர் ஏராளம்.

ஹுத்தான் மெலிந்தாங்கிற்கு அருகில் உள்ள தெலுக் இந்தான் பட்டணத்திலும் ஒரு சாய்ந்த கோபுரம் இருக்கிறது. 1885-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கோபுரம், பட்டணத்திற்கு நீர் வழங்கும் தொட்டியாகவும் மணிக்கூண்டாகவும் பயன்பட்டது. மென்மையான நிலத்தின்மீது தொட்டி நீரின் பாரமும் சேர்ந்ததால் அதுவும் சாய்ந்தது. தெலுக் இந்தான் கோபுரம் ஏன் சாய்ந்தது என்று கேட்டறிந்த மாணவி பைசாவுக்குப் போனால், மண்ணைப் பற்றியும் அடித்தளத்தைப் பற்றியும் பழமையைக் காக்கும் முறையைப் பற்றியும் கேட்பாள். கேட்டறியாதவள் படம் எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடிப்பாள். இருவருக்கும் பயணச்சீட்டின் விலை ஒன்றுதான். பயன் மட்டும் வேறு.

சொந்த ஊரை அறிந்தவருக்கே வெளியூர் விளங்கும் என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே இன்னொரு சான்று உண்டு. ஹுத்தான் மெலிந்தாங் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஜெண்டராத்தா தோட்டத்தை 1906-ஆம் ஆண்டில் ரப்பர்த் தோட்டமாகத் தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்னும் டென்மார்க் நாட்டுப் பொறியியலாளர். யுனைட்டெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம் வளர்ந்ததும் அங்கிருந்துதான். அத்தோட்டத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பால் வெட்டினர். பின்னாளில் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. அறுத்த குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லக் குறுகிய இருப்புப்பாதையும் போடப்பட்டது. ‘அங்கே நமக்கு யாரைத் தெரியும்?’ என்று அம்மா கேட்டார் அல்லவா? அவருடைய தாத்தா பாட்டியின் உழைப்பும் டென்மார்க் நாட்டவரின் முதலீடும் ஒரே மண்ணில் கலந்திருக்கின்றன. ஐரோப்பா அக்குடும்பத்திற்கு அவ்வளவு அந்நியம் அன்று.

தமிழருக்கும் டென்மார்க்கிற்கும் உள்ள தொடர்பு அதற்கும் முந்தியது. 1620-ஆம் ஆண்டில் டென்மார்க் வணிகர்கள் சோழ நாட்டுக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் கால் பதித்து, டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். அப்போது தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியனுக்குத் தங்க ஏட்டில் தமிழில் ஒரு மடல் அனுப்பினார். அம்மடல் இன்றும் கோப்பன்ஹேகனில் உள்ள அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தமிழ் கற்று, அங்கே அச்சகம் நிறுவினார். 1714-ஆம் ஆண்டில் அவர் ஐரோப்பாவிற்குத் திரும்பியபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ் இளைஞர் பாய்மரக் கப்பலில் அந்நாடுகளுக்குப் போய் வந்திருக்கிறார்.

இவற்றை அறிந்து கோப்பன்ஹேகனில் இறங்கும் மாணவி, வேடிக்கை பார்க்க வந்தவளாக மட்டும் இருக்க மாட்டாள். தன் ஊர்த் தோட்டத்தின் பழைய கதையின் மறுபாதி அந்நாட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும். அருங்காட்சியகத்தில் நிற்கும்போது, ஆட்சிக்கும் வணிகத்திற்கும் வந்தவர்கள் எழுதிவைத்த வரலாற்றில் கூலிக்கு உழைத்தவர்களின் பெயர்கள் எங்கே என்றும் அவள் கேட்கலாம். அக்கேள்வியைக் கேட்கத் தகுதி வாய்ந்தவர்கள் தோட்டத்துப் பிள்ளைகளே. ஆகையால், வெளிநாட்டுக் கல்விப் பருவத்தில் அவர்களுக்கும் இடம் வேண்டும் என்பது இரக்கத்தின்பால் எழுந்த கோரிக்கை அன்று. அவர்கள் சென்றால் அறிவுலகமும் பயன்பெறும்.

ஐரோப்பாவில் கற்றதைத் தாய்மொழிக்கும் மலேசியாவிற்கும் பயன்படுத்தியவருக்குச் சிறந்த எடுத்துக்காட்டு தனிநாயகம் அடிகளார். இலங்கையின் ஊர்காவற்றுறையில் 1913-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1930-களில் ரோம் நகரில் சமயக் கல்வி பயின்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, இலண்டனில் ஆய்வுப் பட்டமும் பெற்றார். ஐரோப்பிய நூலகங்களில் பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடிப் பார்த்தார். 1554-ஆம் ஆண்டு லிஸ்பனில் அச்சான, தமிழை ரோமன் எழுத்தில் தரும் சிறு நூலைப் பற்றி ஆய்வுலகிற்கு எடுத்துரைத்தவர்களுள் அவர் குறிப்பிடத்தக்கவர்.

1961-ஆம் ஆண்டு முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக அவர் பணியாற்றினார். அந்தோம் டி புரோயன்சா என்னும் பாதிரியார் தொகுத்து, 1679-ஆம் ஆண்டில் அச்சான தமிழ் – போர்ச்சுக்கீசிய அகராதியின் படி ஒன்று ரோமில் வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை அடிகளார் 1966-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மீண்டும் பதிப்பித்தார். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெறுவதற்கும் அவரே பெரிதும் காரணமாக இருந்தார். ரோமில் கற்ற மொழிகளும், அங்கு பழகிய நூலகங்களும், பல நாட்டு அறிஞர்களின் நட்பும் அவருக்குத் துணைநின்றன. தூர தேசத்தில் அவர் தேடியது கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தது.

எல்லாரும் தனிநாயகம் அடிகளாராக முடியாது. ஒரே பருவத்தில் அவ்வளவு செய்யவும் இயலாது. எனினும், அவர் காட்டிய வழியில் சிறு அடி வைக்கலாம். மீன்வளம் பயிலும் மாணவர் நார்வேயின் மீன்பிடித் துறைமுகம் ஒன்றைப் பார்த்தால், பெர்னாம் ஆற்றுப் படகுகளுக்கு அங்குள்ள எந்த முறை பொருந்தும், எது பொருந்தாது என்று சிந்திக்கலாம். நீர்ப் பொறியியல் பயிலும் மாணவி நெதர்லாந்தில் கடல்மட்டத்திற்குக் கீழுள்ள நிலத்தை அணைகளும் நீரேற்றிகளும் காப்பதைப் பார்த்தால், தாழ்வான தன் வட்டாரத்தின் வெள்ளத்தை நினைக்கலாம். அவ்வாறு நினைப்பவரின் ஒரு பருவம் வீணாகாது.

எஞ்சியிருப்பது அம்மாவின் அச்சம். பெண் பிள்ளையைத் தனியே தொலைவுக்கு அனுப்புவதற்குத் தாய் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தை எள்ளி நகையாடக் கூடாது. தகவலால் குறைக்க வேண்டும். தங்கும் விடுதியின் முகவரி, பொறுப்பாளரின் தொலைபேசி எண், காப்புறுதி விவரம், அங்குள்ள மலேசியத் தூதரகத்தின் தொடர்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வைக்கலாம். முன்பு சென்று வந்த மாணவி ஒருவரைப் பெற்றோரோடு பேச வைக்கலாம். கடப்பிதழும் அனுமதியும் ஒழுங்காக இருப்பதும் பாதுகாப்பில் அடங்கும். மலேசியர் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஒரு கல்விப் பருவம் பெரும்பாலும் அதைவிட நீண்டது. ஆகவே, மாணவர் தங்குவதற்கான அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கன் வட்டத்தில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இப்பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. பல்கலைக்கழகம் சென்ற பிறகு திடீரென்று வரும் மின்னஞ்சலாக இவ்வாய்ப்பு இருக்கக் கூடாது. இடைநிலைப்பள்ளியிலேயே, படிவம் நான்கு மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியர்கள் இதை விளக்கலாம். பள்ளியின் முன்னாள் மாணவர்களுள் வெளிநாடு சென்று பயின்றோரை அழைத்துப் பேசச் செய்யலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் செலவுக் கணக்கை வெளிப்படையாகக் காட்டலாம். நகரத்துப் பிள்ளை பேச்சுவாக்கில் அறிந்துகொள்ளும் செய்தியைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாராவது தேடிப் போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஐரோப்பா வரை செல்ல இயலாதவரும் சோர்வடையத் தேவையில்லை. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகள் 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய மாணவர் பரிமாற்றத் திட்டம் இன்று ஆசிய நாடுகள் பலவற்றிற்கு விரிவடைந்துள்ளது. செலவு குறைவு, பயணத் தொலைவும் குறைவு. கேள்வியோடு ஜாகர்த்தா சென்று வருபவர், கேள்வியின்றிப் பாரிஸ் சென்று வருபவரைவிட அதிகம் கற்றவரே. அக்கரைக்கு இக்கரை பச்சை என்ற மயக்கம் இல்லாமல், தமக்கு எது ஏற்றது என்று தேர்ந்தெடுப்பதே சிறப்பு.

சென்றவர் திரும்பியதும் ஒரு கடமை காத்திருக்கிறது. தாம் படித்த தமிழ்ப்பள்ளிக்கு ஒருநாள் போய், ஆறாம் ஆண்டு மாணவர்களின் முன் அரை மணி நேரம் பேசலாம். பனியையும் கோபுரத்தையும் காட்டுவதோடு, எப்படி விண்ணப்பித்தார், எதில் தடுமாறினார், எப்போது அழுதார், எவ்வாறு சமாளித்தார் என்பதையும் சொல்லலாம். அதைக் கேட்கும் பிள்ளைகளுள் ஒருத்தி பத்தாண்டுகளுக்குப் பிறகு தன் வீட்டில் அதே செய்தியைச் சொல்லும்போது, அவளுடைய அப்பாவும் அம்மாவும் பாட்டியும் அதே மூன்று கேள்விகளைக் கேட்பார்கள். அப்போது அவளிடம் விடைகள் இருக்கும். விண்ணப்பத்தின் இறுதி நாளும் கடந்திருக்காது.